மஞ்சள் சீட்டு யாருக்கு? திருச்சி மாவட்டச் சபை உருவாகும் கதை

மலைக்கோட்டையின் உச்சிக்கு ஏறி, மூச்சு வாங்கச் சற்று நின்று, வடக்கே பாருங்கள்.

முதலில் காவிரி. அதைத் தாண்டினால், தென்னை மரங்களுக்கு நடுவே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். அதற்கும் அப்பால் கொள்ளிடம். கொள்ளிடத்துக்கு வடக்கே வயலும் வாழையுமாகப் பச்சைப் பசேல் என்ற சமவெளி.

கண்ணுக்கு எல்லாம் ஒரே ஊர் போலத்தான் தெரியும். ஆனால் தேர்தல் நாளன்று ஓட்டுச் சாவடிக்குப் போய்ப் பாருங்கள். அது ஓர் ஊர் அல்ல, இரண்டு ஊர் என்பது அங்கே விளங்கும்!

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அண்ணன் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில் கடை வைத்திருக்கிறார். தங்கையை லால்குடி ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இருவருக்கும் இடையே பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

அண்ணன் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி ஓட்டுப் போட்டார். இயந்திரத்தில் ஒரு பொத்தானை அமுக்கினார். வேலை முடிந்தது. அது அவருடைய வார்டு கவுன்சிலருக்கான ஓட்டு.

தங்கை 2019 டிசம்பரிலேயே ஓட்டுப் போட்டுவிட்டாள். அவளுக்கு இயந்திரம் இல்லை. கையில் சீட்டுக் கொடுத்தார்கள். ஒன்றல்ல, நாலு!

"அண்ணே, உனக்கு ஒரு ஓட்டு. எனக்கு நாலு ஓட்டு. பார்த்தியா?"

தங்கை பெருமைப்பட்டதில் தவறு இல்லை. ஆனால், "அந்த நாலும் யார் யாருக்கு?" என்று அண்ணன் திருப்பிக் கேட்டிருந்தால் அவள் மூன்றுக்குத்தான் பதில் சொல்லியிருப்பாள். நாலாவது சீட்டில்தான் தடுமாறியிருப்பாள். தங்கை மட்டும் அல்ல. படித்தவர்களும் தடுமாறும் இடம் அது.

அந்த நாலாவது சீட்டின் நிறம் மஞ்சள்.

நாலு நிறம், நாலு ஓட்டு

வெள்ளைச் சீட்டு, ஊராட்சி வார்டு அங்கத்தினருக்கு. அவர் எதிர் வீட்டுக்காரராகக்கூட இருப்பார். இளஞ்சிவப்புச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு. அவரைத் தெரியாதவர் ஊரில் இருக்க முடியாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில்தானே கூட்டம் நிற்கிறது!

பச்சைச் சீட்டு, ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலருக்கு. பல கிராமங்களைச் சேர்த்த அமைப்பு ஒன்றியம்.

மஞ்சள் சீட்டு, மாவட்ட ஊராட்சி அங்கத்தினருக்கு. மாவட்டத்தின் கிராமப்புறம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு சபை இருக்கிறது. அந்தச் சபையில் நம் சார்பில் யார் உட்காருவது என்பதைத் தீர்மானிக்கும் சீட்டு இதுதான்.

வெள்ளைக்கும் இளஞ்சிவப்புக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி போன்ற பொதுச் சின்னங்கள்தான். பச்சைக்கும் மஞ்சளுக்கும் கட்சிச் சின்னம் உண்டு. அதனால் என்ன ஆகிறது? கீழே ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுகிறோம். மேலே போகப் போகச் சின்னத்தைப் பார்த்துப் போடுகிறோம். மஞ்சள் சீட்டில் நிற்கும் அபேட்சகரின் முகம்கூடப் பலருக்குத் தெரியாது.

2019-ஆம் ஆண்டுத் தேர்தலில் திருச்சி மாவட்டத்தின் கணக்கு இது: ஊராட்சி வார்டு அங்கத்தினர் 3,408 பேர். ஊராட்சித் தலைவர்கள் 404 பேர். 14 ஒன்றியங்களின் கவுன்சிலர்கள் 241 பேர். மாவட்ட ஊராட்சி அங்கத்தினர் 24 பேர். கூட்டிப் பாருங்கள், 4,077! இத்தனை நாற்காலிகளில் 24-தான் மஞ்சள் நாற்காலி.

24 பேர் எப்படி வந்தார்கள்?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. சுமார் 50,000 மக்களுக்கு ஒருவர் என்பது மாவட்டச் சபைக்கு அது வகுத்த கணக்கு. ஒன்றியத்துக்கு 5,000 பேருக்கு ஒருவர். இந்தக் கணக்குப்படி கிராமப்புறத்தை வார்டு வார்டாகப் பிரிக்கிறார்கள்.

14 ஒன்றியங்களுக்கு 24 பேர் என்றால், ஓர் ஒன்றியத்துக்கு ஒன்றே முக்கால் ஆள்கூட வராது! 404 ஊராட்சிகளை 24-ஆல் வகுத்தால், ஒருவர் தலையில் பதினாறு பதினேழு ஊராட்சிகள் வந்து விழுகின்றன. துறையூர்ப் பக்கமும் உப்பிலியபுரம் பக்கமும் பச்சமலைக் கிராமங்கள் உண்டு. மணப்பாறை, மருங்காபுரிப் பக்கம் வானம் பார்த்த பூமி. அந்தநல்லூர், லால்குடிப் பக்கம் ஆற்றுப் பாசனம். மலைக்காரருக்கு ரோடு வேண்டும். மானாவாரிக்காரருக்குத் தண்ணீர் வேண்டும். ஆற்றங்கரைக்காரருக்கு வெள்ளம் வராமல் இருக்க வேண்டும். இத்தனையும் ஒரே மேஜைக்கு வந்து சேருகிற இடம் இந்தச் சபை.

ஓர் அங்கத்தினருக்கு 50,000 பேர் என்பது அதிகமாகத் தோன்றுகிறதா? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி என்று ஒரு மாவட்டம். அங்கே ஏறத்தாழ ஒரு கோடி மக்கள். அவர்களுக்கு நெடுங்காலமாக ஐந்தே ஐந்து அங்கத்தினர்கள்! ஒருவருக்கு இருபது லட்சம் பேர். "இது கட்டாது" என்று அந்த ஊர் மக்களே 2024-இல் ஓட்டுப் போட்டு, எண்ணிக்கையை ஒன்பதாக உயர்த்தத் தீர்மானித்தார்கள். அந்தக் கணக்கோடு பார்த்தால் நம் மஞ்சள் சீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

யார் நிற்கலாம்? 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஓட்டர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஆதி திராவிடருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் ஒதுக்க வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காவது ஒதுக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. ஆகவே 24 பேர் உட்காரும் சபையில் 12 நாற்காலி பெண்களுக்கு உரியது. இது யாரும் போட்ட பிச்சை அல்ல, சட்டம்.

தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலை நடத்தும் ஆணையம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

தலைவர் யார்?

மாவட்ட ஊராட்சித் தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பது இல்லை. 24 பேரும் கூடி, தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகவும் ஒருவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். மாவட்டத்து எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் சபைக்கு வந்து பேசலாம். ஆனால் தலைவர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. மந்திரி நினைத்தாலும் முடியாது. மஞ்சள் சீட்டில் ஜெயித்தவர்தான் தலைவர் ஆக முடியும். அவரைத் தலைவர் ஆக்குகிறவர்களும் மஞ்சள் சீட்டில் ஜெயித்தவர்கள்தான்.

24 என்பது இரட்டைப்படை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று வந்துவிட்டால்? சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியதுதான்! வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சிவகங்கை மாவட்டத்தில் 16 அங்கத்தினர்கள். 2020-இல் எட்டுக்கு எட்டு என்று நின்றுகொண்டார்கள். தலைவர் தேர்தல் தள்ளித் தள்ளிப் போயிற்று. அந்த ஆண்டின் கடைசியில் குலுக்கல் முறையில்தான் முடிந்தது.

உள்ளாட்சி பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் சொல்லாமல் விடமாட்டார்கள். நாம் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் சிவகங்கைக்காரர்கள் குடத்தை விடவில்லையே!

தாத்தா காலத்து ஜில்லா போர்டு

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் "மாவட்ட ஊராட்சி" என்று சொல்லிப் பாருங்கள். விழிப்பார்கள். "ஜில்லா போர்டு" என்று சொல்லுங்கள். முகம் மலர்ந்துவிடும். "போர்டு ஹைஸ்கூலில்தான் எங்கப்பா படிச்சாரு" என்பார்கள். "போர்டு ரோடு", "போர்டு ஆஸ்பத்திரி" என்று கதை நீளும்.

1884-இல் சென்னை ராஜதானியில் ஒரு சட்டம் வந்தது. ஜில்லாவுக்கு ஒரு போர்டு, தாலுகாவுக்கு ஒரு போர்டு என்று அது ஏற்படுத்தியது. இங்கிலாந்திலேயே கவுண்டி கவுன்சில்கள் 1889-இல்தான் உட்கார்ந்தன. அப்படியானால் நாம் முந்திக்கொண்டோமா? அவசரப்பட வேண்டாம். ஆரம்பத்தில் ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டர் துரைதான். சர்க்கார் நியமித்த பெரிய மனிதர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். துரை சொன்னதற்குத் தலையாட்டுகிற சபை.

1920-இல் வேறு சட்டம் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கை ஓங்கியது. ரோடு, பாலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சத்திரம் என்று ஜில்லா போர்டு கையில் நிறைய வேலை. அந்த நாளில் ஜில்லா போர்டு தலைவர் என்றால் சாமானியப் பதவி அல்ல. ஊருக்குள் அவர் கார் வந்தால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள்.

1958-இல் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது. ஒன்றியங்கள் பிறந்தன. ஜில்லா போர்டின் காலம் முடிந்தது. அதன் இடத்தில் மாவட்ட வளர்ச்சி மன்றம் என்று ஒன்று வந்தது. அதற்குத் தலைவர் யார் தெரியுமா? மறுபடியும் கலெக்டர்!

ஒன்றியத்துக்கு நல்ல பலம் கொடுத்தார்கள். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மாவட்டம் முழுவதற்கும் மக்கள் நேரே தேர்ந்தெடுத்த சபை என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-இல் அமலுக்கு வந்த பிறகுதான் வழி பிறந்தது. 1996 அக்டோபரில் முதல் தடவையாக மக்கள் மாவட்டச் சபைக்கு ஓட்டுப் போட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் பழைய பெரிய திருச்சி மாவட்டம் திருச்சி, கரூர், பெரம்பலூர் என்று மூன்றாகப் பிரிந்திருந்தது. ஆகவே புதிய மாவட்டத்துக்குப் புதிய சபை.

இடையில் ஒரு தலைமுறையே போய்விட்டது. ஜில்லா போர்டைப் பார்த்தவர்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. மஞ்சள் சீட்டைக் கையில் கொடுத்தால் எப்படிப் புரியும்?

ரூபாய்க்கு ஐந்து காசு

சரி, இந்தச் சபைக்கு என்ன அதிகாரம்?

உள்ளதைச் சொல்லிவிடுவோம். அதிகாரம் குறைவு. வீட்டு வரி வாங்குவது ஊராட்சி. மாநகராட்சிக்குச் சொத்து வரி. மாவட்ட ஊராட்சிக்கு வரி போடும் உரிமை இல்லை. மாநில சர்க்காரும் மத்திய சர்க்காரும் கொடுக்கிற பணம்தான்.

அதிலும் எவ்வளவு? பதினைந்தாவது நிதிக்குழு 2020-21 முதல் கொடுத்த மானியத்தைத் தமிழ்நாட்டில் இப்படிப் பிரித்தார்கள்: ஒரு ரூபாயில் 80 காசு கிராம ஊராட்சிக்கு. 15 காசு ஒன்றியத்துக்கு. 5 காசு மாவட்ட ஊராட்சிக்கு.

கிராமத்துக்கு 80 காசு போவது நியாயம்தான். குழாயும் விளக்கும் அங்கேதானே இருக்கின்றன! ஆனால் 50,000 பேருக்குப் பிரதிநிதியாக வந்தவர் ஐந்து காசில் பங்கு கேட்டு நிற்கிறார். ஒரு தரைப்பாலம், ஒரு வகுப்பறை, ஒரு மேல்நிலைத் தொட்டி என்று எதையாவது வாங்கிக்கொண்டு போய்த் தம் பதினேழு ஊராட்சியில் எந்த ஊருக்குக் கொடுப்பது என்று விழிக்கிறார். பாவம், அவரைக் குற்றம் சொல்வதில் பயன் இல்லை.

சட்டம் இயற்றும் அதிகாரமும் இந்தச் சபைக்கு இல்லை. அது சென்னையில் கோட்டையில் நடக்கும் வேலை. இங்கே நிறைவேறுவது தீர்மானம். விவசாயம், தொழில், பொதுப்பணி, கல்வி, சுகாதாரம் என்று நிலைக்குழுக்கள் உண்டு. கேள்வி கேட்கலாம். விவரம் கேட்கலாம். "எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏன் கட்டடம் வரவில்லை?" என்று பலர் அறிய எழுந்து நின்று கேட்கலாம். கேட்டது குறிப்புப் புத்தகத்தில் ஏறும். ஒரு கிராமத்தாள் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் மனுவோடு நிற்பதற்கும், அவள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் சபையில் நின்று கேட்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

அண்ணனும் தங்கையும் சந்திக்கும் இடம்

இந்தச் சபையின் உண்மையான பலம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று உண்டு. அரசியல் சட்டமே அதை ஏற்படுத்தியிருக்கிறது. நகரமும் கிராமமும் சேர்ந்து மாவட்டம் முழுவதற்கும் ஒரே திட்டம் போடுவதற்கான குழு. ஆற்றுத் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது, குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது போன்ற விஷயங்களில் நகரமும் கிராமமும் மோதிக்கொள்ளும். அவை பேசித் தீர வேண்டிய இடம் இதுதான்.

இந்தக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஊராட்சித் தலைவர். துணைத் தலைவர்? கலெக்டர்! 1884-இல் எந்த நாற்காலியில் கலெக்டர் துரை உட்கார்ந்தாரோ, அதற்கு ஈடான நாற்காலியில் கிராமத்து மக்களின் பிரதிநிதி. பக்கத்தில் கலெக்டர்.

குழுவின் அங்கத்தினரில் ஐந்தில் நாலு பங்குப் பேரை இரண்டு பக்கத்தார் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பக்கம் மாவட்ட ஊராட்சி அங்கத்தினர்கள். மறுபக்கம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக் கவுன்சிலர்கள். கிராமத்து மக்கள்தொகை எவ்வளவு, நகரத்து மக்கள்தொகை எவ்வளவு என்று பார்த்து அதே விகிதத்தில் இடம். திருச்சி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி 27,22,290. அதில் ஏறத்தாழப் பாதி கிராமம், பாதி நகரம். ஆகவே சரிபாதி!

ஸ்ரீரங்கத்து அண்ணன் போட்ட ஒரே ஓட்டும், லால்குடித் தங்கை போட்ட மஞ்சள் ஓட்டும் இந்த மேஜையில்தான் எதிரெதிரே உட்காருகின்றன. 2023-இல் தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களுக்குத் தேர்தல் நடந்தது. பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வந்தது.

ஸ்ரீரங்கம் கொடுத்த விலை

அண்ணனுக்கு ஏன் ஒரே ஓட்டு என்று பார்ப்போம்.

திருச்சிக்கு 1866-இல் முனிசிபாலிடி வந்தது. ஸ்ரீரங்கத்துக்கு 1871-இல் வந்தது. ஆம், ஸ்ரீரங்கத்துக்கென்று தனி முனிசிபாலிடி! தனிச் சேர்மன், தனிக் கவுன்சிலர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருச்சி சேர்மன் என்ன சொன்னாலும், தீவுக்குள் ஸ்ரீரங்கத்துச் சேர்மன் வைத்ததுதான் சட்டம்.

123 ஆண்டுகள் இப்படி நடந்தது. 1994-இல் திருச்சி மாநகராட்சி ஆனபோது, ஸ்ரீரங்கமும் பொன்மலையும் அதனோடு சேர்ந்தன. பெரிய ஊரோடு சேர்ந்தால் பெரிய பணம் வரும், பெரிய திட்டம் வரும் என்பது உண்மைதான். ஆனால் சொந்தச் சேர்மன் போனார். சொந்தச் சபை போயிற்று. ஸ்ரீரங்கம் ஒரு மண்டலம் ஆயிற்று. 65 கவுன்சிலர்கள் உட்காரும் மாமன்றத்தில் அதன் கவுன்சிலர்கள் ஒரு பகுதிதான். ராஜகோபுரத்தின் நிழலில் நிற்கும் சாக்கடைப் பிரச்சினைக்கும் ஆற்றைத் தாண்டிப் போய்த்தான் பேச வேண்டும்.

மேயரையாவது நேரே தேர்ந்தெடுக்கலாமா? அதற்கும் நிலையான விதி கிடையாது. 1996-இலும் 2001-இலும் மக்களே மேயருக்கு ஓட்டுப் போட்டார்கள். 2006-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் மறுபடியும் மக்கள். 2022-இல் மறுபடியும் கவுன்சிலர்கள். பிள்ளைகள் விளையாட்டில்கூட ஆட்டத்துக்கு நடுவே விதியை இத்தனை தடவை மாற்றமாட்டார்கள்! ஒரு சந்தோஷம், 1996 முதல் 2016 வரை திருச்சியின் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பெண்கள்.

ஸ்ரீரங்கத்துக்கு 1994-இல் வந்த கேள்வி, 2025 தொடக்கத்தில் வேறு பல ஊர்களுக்கு வந்தது. திருச்சியைச் சுற்றியுள்ள பல ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்க்கப் போவதாக அறிவிப்பு வந்ததும், கிராமத்து மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். வரி ஏறும் என்று பயந்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. நகரத்துக்குள் வந்த ஊருக்கு அந்த வேலை கிடையாதே!

பயந்தவர்கள் அவ்வளவாகப் பேசாத நஷ்டம் ஒன்றும் உண்டு. கிராமம் நகரத்தோடு சேர்ந்தால் நாலு சீட்டு ஒரு பொத்தானாக மாறிவிடும். இளஞ்சிவப்பும் போகும், மஞ்சளும் போகும்.

காலி நாற்காலி

ஐந்து காசுச் சபை என்றோம். அந்த ஐந்து காசுச் சபையாவது எப்போதும் இருக்கிறதா?

இந்தச் சபைகளின் ஆயுள் ஐந்து ஆண்டு. முதல் கூட்டம் கூடிய நாளில் இருந்து கணக்கு. ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. தெளிவான பேச்சு. இதில் சந்தேகத்துக்கு இடம் இல்லை.

1996, 2001, 2006, 2011 என்று நாலு தடவை சரியாக நடந்தது. 2016 அக்டோபரில் சங்கிலி அறுந்தது. தேர்தல் தேதியும் அறிவித்தாகிவிட்டது. அபேட்சகர்கள் மனுக் கொடுத்துவிட்டார்கள். சுவரில் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. இட ஒதுக்கீடு சரியில்லை என்று வழக்குப் போயிற்று. அறிவிப்பையே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அக்டோபர் 24-ஆம் தேதியோடு பழைய சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. மறுநாள் தனி அதிகாரிகள் வந்தார்கள்.

"கொஞ்ச நாளைக்குத்தானே" என்று மக்கள் நினைத்தார்கள். ஆனது மூன்று ஆண்டுக்கு மேல்! வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் கிராமங்களில் ஓட்டுப் பெட்டி வந்தது. நகரங்கள் இன்னும் பாவம். 2022 பிப்ரவரி வரை காத்திருந்தார்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் திருச்சி மாநகரத்தில் கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லை.

அதிகாரிகள் இருந்தார்களே, வேலை நடந்ததே என்று கேட்கலாம். நடந்தது. சம்பளம் போட்டார்கள், குப்பை அள்ளினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். நல்ல அதிகாரிகளும் இருந்தார்கள். ஆனால் ராத்திரி எட்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அதிகாரியின் வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா? தட்டலாம்தான். அடுத்த தேர்தலில் அவருக்கு உங்கள் ஓட்டு வேண்டுமா என்ன?

இரண்டு ஏகாதசி

கடைசியாக ஒரு விஷயம். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் மறக்க முடியாத தேதி இது.

2020 ஜனவரி 6. அன்று வைகுண்ட ஏகாதசி. விடியுமுன் பரமபத வாசல் திறந்தது. ஊரெங்கும் ஜனசமுத்திரம். நம் கற்பனைத் தங்கையும் கணவன் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, கூட்டத்தில் இடிபட்டுச் சேவித்துவிட்டுத் திரும்பியிருப்பாள். அதே நாளில்தான் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி அங்கத்தினர்கள் எல்லோரும் பதவி ஏற்றார்கள். வெள்ளைச் சீட்டில் ஜெயித்தவர் முதல் மஞ்சள் சீட்டில் ஜெயித்தவர் வரை! மூன்று ஆண்டு பூட்டிக் கிடந்த வாசல் அன்றைக்குத் திறந்தது. ஐந்து நாள் கழித்து, 11-ஆம் தேதி, தலைவர் தேர்தல்.

ஐந்து ஆண்டு ஓடிற்று. 2025 ஜனவரி 5-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்தது. வார்டு எல்லைகளைத் திருத்த வேண்டும், ஊர்களை நகரங்களோடு சேர்க்கும் வேலை இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். தேர்தல் நடக்கவில்லை. மறுபடியும் தனி அதிகாரிகள்.

அந்த ஆண்டு வைகுண்ட ஏகாதசி ஜனவரி 10-ஆம் தேதி வந்தது. தங்கை வழக்கம்போல் வந்திருப்பாள். பரமபத வாசல் வழக்கம்போல் திறந்தது. அண்ணன் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே ஊர்க் கதை பேசும்போது, அவர் கேட்கிறார்:

"உங்க ஊர் வாய்க்கால் பாலம் உடைஞ்சு கிடக்குன்னு சொன்னியே. மஞ்சள் சீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேண்ணே. தையிலே கட்டித் தாரேன்னாரு. தை பொறக்க நாலு நாள் இருக்கு. அவருதான் இப்ப இல்லே."